பழைய ஹை பானட் ஜீப்: பிரேக்கா, ஸ்டீயரிங்கா, எதை முதலில் மாற்றுவது?

ஏலமலை_ஜீப் (போடி) கேட்டது:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது மஹிந்திரா சிஜே-3பி, ஹை பானட், 1974 பதிவு. அப்பா வாங்கிய வண்டி. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மஹிந்திராவின் டீசல் எஞ்சின் வைத்துப் பல வருடம் ஆகிறது. டயரும் பழைய 6.00-16 இல்லை, அகல ரிம்மில் 235/75 ஆர்15. மற்றபடி பிரேக், ஸ்டீயரிங், முன் ஆக்சில் எல்லாம் வண்டியோடு வந்தவைதான்.

பூப்பாறைப் பக்கம் எங்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம் இருக்கிறது. போடிமெட்டு ஏறி இறங்குவதுதான் வண்டியின் வேலை. ஏறும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. இறங்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

காலையில் முதல் மிதிக்குப் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போய்விடும். இரண்டாவது மிதியில் மேலே வந்து பிடிக்கும். மெட்டிலிருந்து ஐந்தாறு வளைவு இறங்கியதும் லைனிங் வாடை வரும், பெடல் இன்னும் கீழே போகும். அழுத்திப் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது.

ஸ்டீயரிங்கில் நேராகப் போகும்போது நாலு விரற்கடை ஆட்டம். ரோடு பார்த்து ஓட்டுவதை விட ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் வேலை. 40 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் முன் சக்கரம் இரண்டும் உதற ஆரம்பிக்கும், வேகத்தைக் கொன்றால்தான் அடங்கும். கொண்டை ஊசியில் முழு லாக் எடுப்பதற்குள் தோள் கழன்றுவிடுகிறது. என் மனைவியும் தோட்டத்துக்கு இதை ஓட்டுவாள், அவளால் ஒரே மூச்சில் திருப்ப முடியவில்லை.

இங்கே பட்டறையில் "முன்னால் டிஸ்க், பெடலுக்குப் பலம் கூட்டும் பூஸ்டர், பவர் ஸ்டீயரிங் மூன்றையும் ஒரேயடியாகப் போட்டுவிடலாம், பழைய சாமான் கடையில் எல்லாம் கிடைக்கும்" என்கிறார்கள். மூன்றுக்கும் இப்போது கையில் பணம் இல்லை. எதை முதலில் செய்தால் குடும்பத்தோடு நிம்மதியாக இறங்கலாம்? வண்டியை விற்கும் எண்ணம் இல்லை, அந்த யோசனை மட்டும் வேண்டாம்.

கிங்பின்_கம்பம் எழுதியது:

தம்பி, கம்பத்தில் பட்டறை வைத்துத் தோட்டத்து ஜீப்புகள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன அத்தனை குறையும் எனக்குப் பழக்கமானவை. புதிதாக வாங்கி மாற்ற வேண்டிய சாமான் அதில் ஒன்றே ஒன்றுதான், அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றதெல்லாம் தேய்ந்ததை அதன் அளவுக்குத் திரும்பக் கொண்டுவரும் வேலை. தேய்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு பவர் ஸ்டீயரிங் போட்டால் கைக்குத் தெரிகிற ஆட்டம் குறையும், சக்கரத்தில் இருக்கிற ஆட்டம் அப்படியே இருக்கும். மலை ரோட்டில் ஓட்டுகிறவருக்கு அந்த ஆட்டம் கையில் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் போனால்தான் ஆபத்து.

முதலில் பிரேக். பெடல் என்ன செய்கிறது என்று கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். முதல் மிதி தாழ்ந்து இரண்டாவது மிதி உயர்ந்தால் சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்முக்கும் அதன் உள்ளே உரசிப் பிடிக்கிற ஷூவுக்கும் இடைவெளி அதிகம், அட்ஜஸ்ட்மென்ட் போய்விட்டது. எத்தனை மிதித்தாலும் பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று, அல்லது ஆயில் கொதித்து ஆவி. காலை அப்படியே வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே எங்கும் ஒழுகலும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற சிலிண்டர்) ரப்பர் கப் உள்ளுக்குள்ளேயே ஆயிலை விடுகிறது. உங்களுக்குக் காலையில் முதல் வகை. மலையில் வருவது சூட்டினால். டிரம் சூடாகும்போது விரிந்து ஷூவை விட்டு விலகும், ஏற்கெனவே இருக்கிற இடைவெளி இன்னும் கூடும். அதோடு ஆயிலும் பழையதென்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தச் சூடு எவ்வளவு என்று ஒரு கணக்கு பாருங்கள். போடிக்கும் மெட்டுக்கும் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயர வித்தியாசம். ஆளும் மூட்டையுமாக 1,500 கிலோ அந்த உயரத்தை இறங்குகிறது. எஞ்சின் பிடிக்காமல் பிரேக் மட்டுமே பிடித்தால், ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு நாலு டிரம்முக்குள் போக வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது 9 அங்குல டிரம். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சரக்கு. ஈரம் ஏறியபின் 140 டிகிரியே போதும். டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. நம் பக்கம் மழை பெய்கிற மாதங்களை நினைத்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றத்தான் வேண்டும். குறைந்தபோது மேலே ஊற்றிக்கொள்வதெல்லாம் மாற்றியதாகாது.

அடுத்தது இடது பக்க இழுப்பு. இடது பக்கம் இழுத்தால் பெரும்பாலும் வலது பக்கம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வலது முன் டிரம்மைக் கழற்றுங்கள். இந்த ஜீப்பில் முன் நக்கிள் (சக்கரம் திரும்புகிற மூட்டு) மூடியது, உருண்டைக்குள் கியர் ஆயில் இருக்கும். ஸ்பின்டில் பக்கத்து சீல் போனால் அந்த ஆயில் நேராக ஷூவுக்கு வரும். லைனிங் கறுத்து மினுங்கும், மூக்கில் வைத்தால் கந்தக வாடை அடிக்கும். வீல் சிலிண்டர் ஒழுகினால் வாடை வேறு, கையில் வழவழப்பும் வேறு. எந்த ஆயிலாக இருந்தாலும் நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாள் போட்டுத் திரும்ப மாட்டாதீர்கள். மேலே காய்ந்தாலும் சூடானதும் உள்ளிருந்து ஊறி வரும். இரண்டு பக்கமும் சேர்த்துப் புது லைனிங் போடுங்கள். டிரம்மைக் கடைசலுக்குக் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் கடையச் சொல்லுங்கள். புது ஷூவை டிரம்முக்குள் வைத்துப் பார்த்தால் முழு வளைவும் உட்கார வேண்டும். நடுவில் மட்டும் தொட்டு இரு முனையும் தூக்கி நின்றால் பாதி பிரேக் கூட வராது.

ரப்பர் ஹோஸை எவரும் பார்ப்பதில்லை. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஊதித் துளை அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது, அந்தச் சக்கரம் உரசிக்கொண்டே ஓடும். நாலு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, மிதித்து விட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும். இருப்பது அந்தக் காலத்து ஹோஸ் என்றால் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஸ்டீயரிங்குக்கு ஒரு ஆள் துணை வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரம் தரையில் இருக்கட்டும். அவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சமாக ஆட்ட வேண்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் கை வையுங்கள். பாக்ஸிலிருந்து வருகிற பிட்மேன் ஆர்ம், அதிலிருந்து போகிற டிராக் லிங்க், நடுவில் ஃபிரேமில் நிற்கிற பெல் கிராங்க், அங்கிருந்து இரண்டு சக்கரத்துக்கும் போகிற டை ராடுகள். ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் அசையாமல் நிற்கும் மூட்டு எதுவோ அதுதான் குற்றவாளி. நான் பார்த்த ஹை பானட் வண்டிகளில் பெரும்பாலும் அது பெல் கிராங்க்தான். தண்ணீரும் சேறும் நேராக அடிக்கிற இடத்தில் ஒரு தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிரீஸ் அடிக்க மறந்தால் பேரிங் தேயும், பேரிங் போனபின் தண்டு தேயும், தண்டும் போனபின் ஃபிரேமில் அது நிற்கிற துளையே முட்டை வடிவமாகிவிடும். கிட் வாங்கிப் போட்டும் ஆட்டம் போகவில்லை என்று வருகிறவர்களுக்கு இந்தத் துளைதான் காரணம். அதை வட்டமாக அறுத்து, லேத்தில் ஒரு ஸ்லீவ் செய்து இறக்க வேண்டும்.

உதறலுக்கு முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லித் திரும்ப ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் நின்றபாடில்லை என்றால் கிங் பின், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சின், பேரிங். இந்த வண்டியில் கிங் பின் கொஞ்சம் இறுக்கமாகவே நிற்க வேண்டும், மேலும் கீழும் இருக்கிற ஷிம் என்கிற மெல்லிய தகடுகளைக் குறைத்து அந்த இறுக்கத்தைக் கொண்டுவருவோம். அது தளர்ந்தால் பள்ளத்தில் விழுந்ததும் நீங்கள் சொன்ன உதறல் வரும். ஸ்டீயரிங் டேம்பர் மாட்டினால் கொஞ்ச நாள் அடங்கும், அது மருந்தாகாது.

ஸ்டீயரிங் கனமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் உங்கள் டயர். ஆறு அங்குல டயருக்காகச் செய்த ஸ்டீயரிங் அது, நீங்கள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் போட்டிருக்கிறீர்கள். ரிம்மும் வெளிப்பக்கம் தள்ளி நிற்பதாக இருந்தால், கிங் பின் கோட்டுக்கும் டயரின் நடுவுக்கும் தூரம் கூடி, ஒவ்வொரு கல்லும் ஸ்டீயரிங்கைப் பிடுங்கும். டீசல் எஞ்சினின் எடை வேறு முன்னால் ஏறியிருக்கிறது. காற்று எவ்வளவு வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

இப்போது அந்த ஒரு புதுச் சாமான். உங்கள் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. எங்காவது ஒரு குழாய் வெடித்தால், ஒரு கப் கிழிந்தால், நாலு சக்கரத்திலும் பிரேக் இல்லை. அமெரிக்காவில் 1968லேயே எல்லாப் புதுக் காருக்கும் இரட்டைச் சுற்று கட்டாயமாகிவிட்டது. முன் சக்கரத்துக்கு ஒரு அறை, பின் சக்கரத்துக்கு ஒரு அறை என்று டேன்டம் மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள். ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். டிஸ்க் இல்லாமல் மலை இறங்கலாம், பவர் ஸ்டீயரிங் இல்லாமலும் இறங்கலாம். ஒற்றைச் சுற்றோடு மனைவி பிள்ளைகளை வைத்து இறங்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கல்லட்டி_36 எழுதியது:

கிங்பின் அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடு. ஆனாலும் டிஸ்க்குக்காக ஒரு வார்த்தை. நான் இருப்பது மசினகுடி, ஊட்டிக்குப் போக வரக் கல்லட்டி ரோடுதான், 36 கொண்டை ஊசி. என்னுடையது சிஜே இல்லை, அதற்குப் பிந்தைய மஹிந்திரா. முன்னால் டிஸ்க் மாற்றியிருக்கிறேன், ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்குவம் பம்ப் இருக்கிற வகையைப் போட்டுப் பூஸ்டரும் வைத்திருக்கிறேன். இறங்கி முடித்தபின்னும் பெடல் காலையில் இருந்த உயரத்திலேயே நிற்கிறது. ஓடையில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் தங்கி முதல் சில மிதிக்குப் பிரேக்கே இருக்காது. டிஸ்க்கில் ஒரு சுற்றிலேயே உதறிவிடும். மழைக்காலத்தில் அது பெரிய நிம்மதி.

ஸ்டீயரிங்குக்குக் காரிலிருந்து எடுத்த எலக்ட்ரிக் ஸ்டீயரிங் காலத்தை (மோட்டார் உதவுகிற ஸ்டீயரிங் தண்டு) மாட்டுகிறார்களே, அது எப்படி? பம்ப் வேண்டாம், பெல்ட் வேண்டாம், ஆயில் வேண்டாம் என்கிறார்கள். அண்ணன் கருத்தைக் கேட்க ஆசை.

கிங்பின்_கம்பம் எழுதியது:

கல்லட்டி நண்பரே, முறையாகச் செய்த டிஸ்க்கை நான் குறை சொல்லவே மாட்டேன். நீங்கள் பூஸ்டரும் வேக்குவம் பம்பும் சேர்த்துச் செய்திருக்கிறீர்கள், அதுதான் முறை. டிரம்மில் சக்கரம் சுற்றுகிற திசையே முன் ஷூவை இழுத்து டிரம்மோடு அழுத்தும், அந்த உதவி டிஸ்க்கில் கிடையாது. அழுத்தம் முழுவதையும் கால்தான் தர வேண்டும். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் போல இன்டேக்கில் வேக்குவம் கிடைக்காது, பம்ப் இல்லாமல் பூஸ்டர் மாட்டினால் அது வெறும் டப்பா.

பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் போட்டுவிட்டு, பெடல் கல்லாக இருக்கிறதென்று சின்னத் துளை மாஸ்டர் சிலிண்டர் மாற்றுகிறவர்களும் உண்டு. 1 அங்குலத் துளையிலிருந்து முக்கால் அங்குலத்துக்குப் போனால் அதே மிதிக்கு அழுத்தம் 1.78 மடங்கு கிடைக்கும், சரி. ஆனால் அதே அளவு ஆயிலைத் தள்ள பெடலும் 1.78 மடங்கு தூரம் போக வேண்டும். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற கேலிப்பருக்கு டிரம்மை விட ஆயில் அதிகம் வேண்டும். கடைசியில் பெடல் தரையைத் தொடும். இன்னொன்று, டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு இருக்கும். அதோடு டிஸ்க்கைச் சேர்த்தால் பேட் எப்போதும் உரசும். ஹை பானட்டில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே இருப்பதால் வால்வையே எடுத்துவிட்டாலும் சரிப்படாது, கேலிப்பரிலிருந்து ஆயில் கீழே திரும்பிவிடும். டிஸ்க்குக்கென்று இருக்கிற குறைந்த அழுத்த வால்வு தனியாகப் போட வேண்டும். பழைய சாமான் கடையில் கேலிப்பர் கிடைக்கும், இந்தக் கணக்கு கிடைக்காது.

போடித் தம்பிக்குச் செலவுக்கேற்ற வழி வேறு இருக்கிறது. பின்னாளில் வந்த மஹிந்திரா ஜீப்புகளின் 11 அங்குல டிரம், பேக் பிளேட்டோடு. 9 அங்குலத்தில் லைனிங் அகலம் ஒன்றே முக்கால், 11ல் இரண்டு. கணக்குப் போட்டால் உரசுகிற பரப்பு 40 சதவீதம் கூடுகிறது. சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பும் அதிகம். போல்ட் துளை, ஹப் அளவு இரண்டையும் உங்கள் வண்டியோடு வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆனால் இதுவும் இரட்டைச் சுற்றுக்கு அப்புறம்தான்.

எலக்ட்ரிக் ஸ்டீயரிங் காலம் பற்றி. காரில் அது வண்டியின் வேகத்தைப் பார்த்து உதவியைக் கூட்டும், குறைக்கும். ஜீப்பில் வேகக் கணக்கு அதற்குப் போகாது, எல்லா வேகத்துக்கும் ஒரே உதவி. ஏற்கெனவே அலைகிற வண்டி 60ல் இன்னும் இலேசாகி அலையும். ஒயரிங்கும் பேட்டரியும் சுத்தமாக இல்லையென்றால் வளைவின் நடுவில் உதவி நின்றுபோகும். ஓட்டிப் பார்த்திருக்கிறேன், நன்றாகச் செய்தவையும் உண்டு. என் வண்டிக்கு நான் ஹைட்ராலிக் பாக்ஸைத்தான் எடுப்பேன். அதிலும் ஃபிரேமில் பாக்ஸ் நிற்கிற இடத்தை உள்ளும் புறமும் தகடு வைத்துப் பலப்படுத்தாமல் மாட்டவே கூடாது. சக்கரம் கல்லில் சிக்கியிருக்கும்போது பவர் தள்ளுகிற தள்ளில் அந்த இடம் விரிசல் விடும்.

ஏலமலை_ஜீப் எழுதியது:

அண்ணே, நீங்கள் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில்தான் இருந்தேன். தம்பி ஸ்டீயரிங்கை ஆட்டினான், நான் கை வைத்துப் பார்த்தேன். பெல் கிராங்க் பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலும் கீழுமே எழுந்து உட்காருகிறது. நீங்கள் சொன்ன துளையை டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு பக்கம் இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கிறது. டிராக் லிங்க்கில் எப்போதோ வெல்டு வைத்திருக்கிறார்கள், பெயின்டுக்கு அடியில் மேடு தெரிகிறது.

வலது முன் சக்கரத்தில் பிரேக்கை மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை, கிங் பின்தான். அதே சக்கரத்தின் டிரம்மைக் கழற்றினேன். கந்தக வாடை அப்படியே அடித்தது. லைனிங் தார் பூசியது போல இருக்கிறது. இடது பக்கம் காய்ந்துதான் இருந்தது.

காற்று நாலு சக்கரத்துக்கும் 22 வைத்திருந்தேன், குலுங்காமல் இருக்கட்டும் என்று.

மூன்று கேள்வி. வெல்டு வைத்த டிராக் லிங்க் இத்தனை நாள் தாங்கியதே, அப்படியே விடலாமா? டேன்டம் சிலிண்டரைத் தரைக்குக் கீழேயே வைப்பதா, மேலே கொண்டுவருவதா? இறங்கும்போது லோ கியரில் ஃபோர் வீல் போட்டு வரச் சொல்கிறார்களே, சரியா?

ஹைபானட்_ஆத்தூர் எழுதியது:

இடையில் ஒன்று. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போக வேண்டும், அங்கே வண்டியைப் பார்ப்பார்கள். தேய்ந்த பாகத்தை மாற்றுவது பழுதுபார்ப்பு, அதில் பிரச்சினை இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்பையே மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்குள் வரும். டீசல் எஞ்சின் மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பவர் ஸ்டீயரிங், டிஸ்க் போகிறதாக இருந்தால் வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கிங்பின் அண்ணனுக்கு நன்றி. நான் கொல்லிமலை 70 வளைவும் இதே வண்டியில் இறங்குகிறவன். பெல் கிராங்க் துளைக்கு ஸ்லீவ் போட்டபின் வண்டி ரோட்டில் கோடு போட்டது போலப் போகிறது.

கிங்பின்_கம்பம் எழுதியது:

தம்பி, டிராக் லிங்க்கை இன்றைக்கே கழற்றி வையுங்கள், புதியது வரும்வரை வண்டி நிற்கட்டும். இத்தனை நாள் தாங்கியது என்பது கணக்கே இல்லை. வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்து இரும்பு சூட்டில் குணம் மாறியிருக்கும். முறியும்போது முன்கூட்டிச் சொல்லாது, ஸ்டீயரிங் கையில் சும்மா சுற்றும். டிராக் லிங்க், டை ராடு, பிட்மேன் ஆர்ம், நக்கிள் ஆர்ம் இவற்றில் வெல்டு வைத்ததை நான் பட்டறைக்குள்ளேயே விடுவதில்லை.

ஸ்டீயரிங் பாக்ஸையும் அப்போதே பாருங்கள். பக்க மூடியில் இருக்கிற ஸ்குரூவை முடுக்கி ஆட்டத்தை எடுப்பார்கள். சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும்தான் முடுக்க வேண்டும், திருப்பிய நிலையில் முடுக்கினால் நடுவில் வரும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். நடுவுக்குச் சரியாக வைத்தும் ஆட்டம் இருந்தால் உள்ளே இருக்கிற இரண்டு பின்னும் தட்டையாகியிருக்கும். ஒழுகுகிறது என்று கிரீஸ் அடைத்து வைத்திருந்தால் எல்லாவற்றையும் வழித்தெடுத்து, சீல் மாற்றி, கியர் ஆயில் ஊற்றுங்கள். கிரீஸ் ஒருமுறை ஒதுங்கினால் பல் மேல் திரும்ப வராது. எல்லா மூட்டும் முடிந்தபின் டோ‑இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நிற்கிற அளவு) 1 முதல் 2 மில்லிமீட்டருக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் கீழேயே இருக்கட்டும். மேலே கொண்டுவந்தால் பெடல் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும், அது வேறு வேலை. ஆனால் ஆயில் டப்பாவை மட்டும் தனியாக எடுத்து, பானட்டுக்குள் உயரத்தில் வைத்து ஹோஸால் இணையுங்கள். இப்போது தரைப் பலகையைத் தூக்கித்தானே ஆயில் ஊற்றுகிறீர்கள்? மூடியைத் திறக்கும்போது விழுகிற மண் முழுக்க உள்ளே போகிறது. டேன்டம் நீளம் அதிகம், பிராக்கெட்டை மெலிந்த தகட்டில் செய்தால் அழுத்தும்போது வளையும். தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம். அது இல்லையென்றால் ஆயில் திரும்புகிற சின்னத் துளை மூடியே இருக்கும், ஓட ஓடப் பிரேக் தானாக இறுகும்.

குழாய்க்கு ஃபிரிட்ஜ் செம்புக் குழாயைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். பிரேக்குக்கென்று வருகிற ஸ்டீல் குழாய், முனை இரட்டை மடிப்பு. குழாயிலிருந்து ஏர் எடுக்கும்போது தூரத்துச் சக்கரத்திலிருந்து வாருங்கள், நம் வண்டியில் அது இடது பின் சக்கரம். பிறகு வலது பின், இடது முன், வலது முன். டாட் 4 ஊற்றுங்கள். டாட் 5 என்று சிலிக்கான் ஆயில் ஒன்று விற்கிறது, இதோடு கலக்கக் கூடாது.

லோ கியர் விஷயம். இந்த ஜீப்பில் முன் ஆக்சிலைச் சேர்க்காமல் லோ போட முடியாது. காய்ந்த தார் ரோட்டில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வளைவில் வேறு வேறு தூரம் போகும், நடுவில் அதை விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஸ்டீயரிங் இறுகும், ஷாஃப்டும் ஜாயின்டும் முறுக்கேறும். கொழுக்குமலைப் பாதை மாதிரி கல்லும் மண்ணுமான இடத்தில் தாராளமாகப் போடுங்கள், அங்கே சக்கரம் சறுக்கிக் கொடுக்கும். மெட்டு ரோட்டுக்கு டூ வீலிலேயே இரண்டாம் கியர், வளைவில் தேவையென்றால் முதல் கியர். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துக் காலை எடுத்துவிடுங்கள். மேலேயே காலை வைத்து உரசிக்கொண்டே இறங்கினால் 11 அங்குல டிரம்மும் தாங்காது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது, எஞ்சினை அணைத்து உருட்டுவது இரண்டும் கூடவே கூடாது. உங்கள் மனைவிக்கும் இதைச் சொல்லுங்கள்.

கைப் பிரேக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த வண்டியில் அது சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஓடும்போது இழுத்தால் ஷாஃப்ட் ஜாயின்ட் முறியலாம். அதை நம்பிப் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுற்றி வண்டி உருண்டுவிடும். கல் வைக்காமல் ஜாக்கி போடாதீர்கள்.

டயர் காற்று 22 குறைவு. முன்னால் 28க்குக் கொண்டுவாருங்கள், திருப்புகிற கனம் அப்போதே குறைவது தெரியும். இந்த வேலையெல்லாம் முடிந்து வீட்டம்மா ஓட்டிப் பார்த்து, அப்போதும் கனம் என்றால் பவர் ஸ்டீயரிங்குக்குப் பணம் சேர்க்கலாம்.

முடித்தபின் நேராக மெட்டுக்கு ஏறிவிடாதீர்கள். சமவெளியில் 30ல் போய் அழுத்தி நிறுத்துவதை நாலைந்து தடவை செய்து, இறங்கி நாலு டிரம்மின் மேலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் மட்டும் சுர்ரென்று ஆவியானால் அது உரசுகிறது, ஒன்றில் தண்ணீர் சும்மா நின்றால் அது வேலை செய்யவில்லை. நாலும் ஒன்றுபோல இருந்தால் மூட்டை இல்லாமல் மலையடியில் இருக்கிற முந்தலைத் தாண்டி இரண்டு மூன்று வளைவு ஏறி இறங்குங்கள். திரும்பி வந்ததும் புது ஷூ உட்கார்ந்திருக்கும், அட்ஜஸ்ட்மென்டை இன்னொரு முறை வையுங்கள்.

கிங் பின் கழற்றும்போது மேல் ஷிம்மையும் கீழ் ஷிம்மையும் தனித்தனியாகக் கட்டி வைத்து, ஒவ்வொன்றின் கனத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து இங்கே எழுதுங்கள். புதுப் பேரிங்குக்கு எதை எடுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.